கார்க்கா, டூ பீஸா, ஃபோர் பீஸா: உங்கள் குழுவுக்கு எந்தக் கிரிக்கெட் பந்து?

பந்து வாங்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ, அவருக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் இதுதான். கார்க்கிலேயே ஓட்டிவிடலாமா, தோலைத் தைத்துச் செய்யும் ஸ்டிச் பால்தான் வாங்க வேண்டுமா? ஸ்டிச் பால் என்றால் இரண்டு தோல் துண்டில் தைத்த டூ பீஸா, நான்கு துண்டில் தைத்த ஃபோர் பீஸா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர் பள்ளி விளையாட்டு ஆசிரியர். வருடத்துக்கு இவ்வளவுதான் என்று கையில் கொடுத்த பணத்தில் 30 பையன்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும். இன்னொருவர் ஊர்க் குழுவின் கேப்டன். இத்தனை நாள் கார்க் பந்தில் ஆடியவர்கள், முதல் தடவையாகப் பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் நடக்கும் ஸ்டிச் பால் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது ஓர் அம்மா. 11 வயது மகளைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டு, "என்ன பந்துங்க வாங்கித் தரணும்?" என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஆனால் பதிலுக்கு முன்னால் நான் அவர்களிடம் கேட்டவை ஒன்றேதான்.

## வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது விலை. என் வரிசையில் அது கடைசி.

முதல் கேள்வி, எந்தத் தரையில் ஆடப்போகிறீர்கள்? பந்தைக் கெடுப்பது பேட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோலைக் கிழிப்பது தரைதான். புல் வளர்த்து உருளை ஓட்டிய டர்ஃப் விக்கெட்டில் பளபளப்பு பல ஓவர் நிற்கும். தென்னை நார் மேட்டிங் தையலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போல் தேய்க்கும். வெறும் சிமெண்டில் விழுந்தால் நாலைந்து ஓவரிலேயே தோல் சொரசொரப்பாகிவிடும்.

இரண்டாவது, யார் கை? கிரிக்கெட் சட்டப்படி ஆண்கள் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். பெண்களுக்கு 140 முதல் 151 கிராம். 13 வயதுக்குக் கீழே என்றால் 133 முதல் 144 கிராம், சுற்றளவும் குறைவு. இது சும்மா எழுதி வைத்த சலுகை இல்லை. சின்னக் கையில் பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை அதை உள்ளங்கைக்குள் திணித்துப் பிடிக்கும். விரல் நுனியில் பிடிக்கும் பழக்கமே வராது. நம் ஊரில் பெண்கள் அணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆண்கள் பந்தையே தூக்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கடையில் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், கேளுங்கள்.

மூன்றாவது, தையலும் உருவமும் எத்தனை ஓவர் நிற்கும்? நான்காவது, அந்தப் பந்து உங்கள் பேட்டையும் உடம்பையும் என்ன செய்யும்? இதற்கெல்லாம் அப்புறம் விலை. அதையும் பந்துக்கு இவ்வளவு என்று பார்க்காமல், ஓவருக்கு இவ்வளவு என்று பாருங்கள். ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 300 ரூபாய் பந்து மேட்டிங்கில் 25 ஓவரில் உருவம் போனால் ஓவருக்கு 12 ரூபாய். 600 ரூபாய் பந்து டர்ஃபில் 60 ஓவர் நின்றால் ஓவருக்கு 10 ரூபாய். அதே 600 ரூபாய் பந்து சிமெண்டில் 20 ஓவரில் செத்தால் ஓவருக்கு 30 ரூபாய். பந்து மாறவில்லை, தரைதான் மாறியது.

## அறுத்துப் பார்த்தால் தெரியும்

இந்த மூன்று பந்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாருக்காவது புரியவைக்க வேண்டுமென்றால், நான் பழைய பந்துகளை ஆக்ஸா பிளேடால் அறுத்துக் காட்டுவேன். திண்ணையில் சாக்கை விரித்து, பந்தைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அறுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஆகும்.

கார்க் பந்து பாதியானதும் உள்ளே ஒரே கட்டி. கார்க் துணுக்குகளை ரப்பரோடு சேர்த்து அச்சில் அழுத்தியது. வெட்டிய முகம் கடலைமிட்டாய் போலப் பொடிப்பொடியாகத் தெரியும். வெளியே தையல் மாதிரி இருப்பதும் அச்சில் வந்த மேடுதான், நூல் கிடையாது.

டூ பீஸ் பந்திலும் உள்ளே பெரும்பாலும் அதே கட்டிதான். அதன் மேல் இரண்டு தோல் கிண்ணங்களைக் கவிழ்த்து நடுவில் தைத்திருப்பார்கள். ஒரே தோலைக் கிண்ணமாக இழுத்து அழுத்துவதால், இழுபட்ட இடத்தில் தோல் மெலிந்திருக்கும். பிளேடை வைத்தவுடனே அது தெரிந்துவிடும்.

நல்ல ஃபோர் பீஸ் பந்தை அறுக்கும்போதுதான் பிளேடு சிக்கும். உள்ளே கம்பளி நூல் இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன கார்க் கரு, அதைச் சுற்றி நூல், அப்புறம் மெல்லிய கார்க் அடுக்கு, மறுபடி நூல் என்று வெங்காயம் நறுக்கியது போல அடுக்கடுக்காக வரும். நூலை ஈரமாகச் சுற்றுவார்கள். காயும்போது அது சுருங்கிக் கருவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பேட்டில் படும் அடியை இந்த அடுக்குகள் வாங்கிக்கொண்டு திரும்பவும் உருண்டைக்கு வந்துவிடுகின்றன. ஒரே கட்டியாக இருப்பதற்கு அந்தக் குணம் குறைவு.

தோலிலும் கதை இருக்கிறது. நல்ல பந்துக்குப் படிகாரத்தில் பதப்படுத்திய மாட்டுத் தோல். பதப்படுத்தினால் வெள்ளையாக இருக்கும், அதற்குப் பிறகுதான் சிவப்புச் சாயம். முதுகெலும்பை ஒட்டிய தோல் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் போகப் போக இளகும். நான்கு துண்டும் ஒரே தடிப்பில் அமைந்தால்தான் பந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பந்து வேறு வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால்வாசித் துண்டுகள் இரண்டை உட்புறமாகத் தைத்தால் ஒரு கிண்ணம். அந்தத் தையல் வெளியே தெரியாது, மெல்லிய கோடு மட்டும் இருக்கும். இப்படி இரண்டு கிண்ணம். இரண்டின் கோடுகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி திருப்பி வைத்து, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலால் நடுவில் இணைப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு வரிசைத் தையல். நடுவில் இருக்கும் இரண்டு வரிசைதான் பந்தைப் பிடித்து வைத்திருப்பவை. மற்றவை விரலுக்குப் பிடிப்பும் தரையில் கடியும் கொடுப்பவை. நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மீரட்டிலும் ஜலந்தரிலும் குடியேறினார்கள். இன்று நம் கடைகளுக்கு வரும் ஸ்டிச் பந்துகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு ஊர்க் கைகளில் தைத்தவை.

## கார்க் பந்து

தண்ணீரில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு ஆடலாம். சிமெண்ட், செம்மண், தோப்பு என எந்தத் தரைக்கும் அஞ்சாது. ஒரு சுமாரான ஃபோர் பீஸ் வாங்கும் பணத்தில் பல கார்க் பந்து வாங்கலாம், ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் வரும். மைதானம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத ஊர்களில் கிரிக்கெட் நடந்ததே இந்தப் பந்தால்தான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம். முதலில் பேட். இங்கிலீஷ் வில்லோ மரம் தோல் பந்துக்காகவே மென்மையாக அழுத்தி வைத்தது. கார்க் பந்து பட்டால் முகத்தில் குழி விழும், ஓரம் பிளக்கும். பேட் தயாரிப்பவர்களே செயற்கைப் பந்தில் ஆடாதீர்கள் என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கிய பேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்க் பந்துக்கு எடுத்து வந்தான். காலடியில் விழுந்த யார்க்கர் ஒன்று அடிமுனையில் பட்டு, விரல் நீளத்துக்கு விரிசல். ஒட்டி, நூல் சுற்றி, இரண்டு மாதம் வைத்திருந்தான். பந்தில் மிச்சம் பிடித்ததைப் போல இருபது மடங்கு அந்த ஒரு அடியில் போனது.

அடுத்தது உடம்பு. கார்க் பந்து தோல் பந்தை விட உயரமாக எழும்பும், கட்டியாக இருப்பதால் பட்ட இடத்தில் வலி நேராக இறங்கும். "கார்க்தானே" என்று காலுக்குக் காப்பு, கைக்குக் கிளவுஸ் இல்லாமல் ஆடுவதுதான் இங்கே வழக்கம், அதனால் அடி இன்னும் மோசமாகிறது. இந்தப் பந்தில் பழகும் சிறுவன் முன்காலை நீட்ட மாட்டான், பின்னால் சாய்ந்துகொள்வான். பௌலருக்கும் தையல் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. வயதில் வளர்ந்தவர்கள், காஷ்மீர் வில்லோ பேட், வெறும் தரை, கால் கைக்குக் காப்பு என்றால் கார்க் சரியான தேர்வு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

## டூ பீஸ் தோல் பந்து

பயிற்சிக்கும் மேட்டிங்கிற்கும் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். தோல், நிஜமான தையல், பௌலர் கற்க வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. கால்வாசிக் கோடு இல்லாததால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், புதிதாக இருக்கும்போது நன்றாகவே ஸ்விங் ஆகும், அதாவது காற்றில் வளையும். எப்படியும் நார் மேட்டிங்கில் இரண்டு மூன்று ஆட்டத்துக்கு மேல் எந்தப் பந்தின் தையலும் நிற்காது. அங்கே கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் குறைவு.

பலவீனம், உருவம். 20, 25 ஓவர் தாண்டினால் பந்து ஒரு பக்கம் அமுங்கத் தொடங்கும், தையல் தோலுக்குள் புதையும். மலிவான டூ பீஸில் எடையையும் நம்ப முடியாது. ஒரு தடவை ஒரு டஜன் வாங்கி வந்தேன். வீசிய பையன்கள் எல்லோரும் "கனமா இருக்குண்ணே" என்றார்கள். சந்தேகம் வந்து பக்கத்து மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். 171, 168, 174. ஆண்கள் பந்துக்கான வரம்பையே தாண்டிய எடை, வீசிக்கொண்டிருந்தவர்களோ 14 வயதுப் பையன்கள். அன்றிலிருந்து மொத்தமாக வாங்கும் முன் இரண்டை எடுத்துத் தராசில் வைக்காமல் பணம் கொடுப்பதில்லை. தையல்காரரின் நாடாவைச் சுற்றிப் பார்த்தால் சுற்றளவும் தெரிந்துவிடும்.

## ஃபோர் பீஸ் தோல் பந்து

டர்ஃப் விக்கெட், 40, 50 ஓவர் ஆட்டம், லீக்கில் ஆட ஆசைப்படும் பையன் என்றால் இதற்கு மாற்று இல்லை. பழசாகப் பழசாகவும் பந்து உருண்டையாக இருக்கும். சுழல் பந்துவீச்சுக்கு 30ஆவது ஓவரிலும் விரலுக்குத் தையல் கிடைக்கும். ஒரு பக்கத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு மறுபக்கத்தைத் தேய விடுவது என்கிற கலையே இந்தப் பந்தில்தான் நிறைவாகக் கைகூடும்.

இதன் மறைமுகச் செலவு பராமரிப்பு. பனி ஈரத்தில் ஆடினால் தோல் தண்ணீர் குடித்து ஊதும், கனக்கும். ஈரத்தோடு கிட் பையில் போட்டு மூடினால் அடுத்த வாரம் பூஞ்சை பிடித்து, நூலும் இற்றுப்போகத் தொடங்கும். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் துணி மேல் வைத்தால் போதும். அப்புறம், தொலைந்து போவது. மைதானத்தைச் சுற்றி முள்ளுக்காடோ ஏரியோ இருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது கண்ணாடி மேசையில் மெதுவாக உருட்டிவிடுங்கள். நேராக ஓடாமல் தள்ளாடினால் வேண்டாம். நகத்தால் தையலை ஓட்டிப் பாருங்கள். நூல் எங்கும் தொங்கக் கூடாது, உயரம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

### எஸ்ஜி, கூக்கபரா, டியூக்ஸ் என்று கேட்பவர்களுக்கு

டெஸ்ட் ஆட்டங்களில் ஓடும் மூன்று பந்துகளும் ஃபோர் பீஸ்தான். வித்தியாசம் தையலிலும் மேல்பூச்சிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் கென்ட்டில் 1760இல் தொடங்கிய டியூக்ஸ், மீரட்டின் எஸ்ஜி இரண்டிலும் ஆறு வரிசையும் கையால் தைப்பார்கள். 1890இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் கூக்கபராவில் நடு இரண்டு வரிசை மட்டும் கைத்தையல், மற்றவை மெஷின். அதனால் அதன் தையல் சீக்கிரம் தணிந்துவிடும், முதல் இருபது ஓவருக்குப் பிறகு பௌலருக்கு வேலை கடினம். டியூக்ஸ் நெடுநேரம் ஸ்விங் ஆகும். எஸ்ஜியின் தையல் தடிப்பாக, எடுப்பாக நிற்கும். நம் ஊரின் காய்ந்த ஆடுகளத்தில் பளபளப்பு போன பிறகும் சுழலுக்குப் பிடிப்பு கொடுப்பது அதுதான்.

பந்து மாறினால் ஆட்டம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். வழக்கமாக டியூக்ஸில் ஆடப்படும் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டியான கவுண்டி சாம்பியன்ஷிப்பில், சில சுற்றுகளுக்கு மட்டும் கூக்கபராவைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு சுற்றில், 2025 ஜூன் இறுதியில், ஓவல் மைதானத்தில் டர்ஹம் அணிக்கு எதிராக சர்ரே 9 விக்கெட்டுக்கு 820 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. அன்றைய கொளுத்தும் வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் தையல் தணிந்த பந்தை வைத்துக்கொண்டு பௌலர்கள் பட்ட பாட்டை ஸ்கோரே சொல்லிவிடுகிறது.

விலை அதிகமான பந்து என்றால் தவறே வராது என்றும் இல்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய டெஸ்டின்போது எஸ்ஜி பந்தின் தையல் பிரிந்தது, இப்படி ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்று அஷ்வினே வெளிப்படையாகச் சொன்னார். கையால் தைக்கும் எதிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

ஆகவே இந்தியாவில் ஆடுபவர்களுக்கு என் யோசனை எளிது. ரஞ்சிக் கோப்பை ஆடப்படுவது எஸ்ஜியில், அதே மாதிரித் தையல் உள்ள மீரட் பந்தில் பழகுங்கள். வெளிநாட்டுப் பந்துக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் டெஸ்ட் கூக்கபராவில் நடப்பதால் அங்கே கடினப்பந்து ஆடுபவர்களுக்கு அந்தத் தையல் உயரம் பழக்கமாவது நல்லது. வெள்ளைப் பந்து வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வண்ண உடை, கறுப்புத் திரை இல்லாத மைதானத்தில் சிவப்பே போதும். செம்மண் தரையில் வெள்ளைப் பந்து சில ஓவரிலேயே கண்ணுக்குத் தெரியாத நிறத்துக்கு வந்துவிடும்.

## டென்னிஸ் பந்தை மறக்க வேண்டாம்

10 வயதுக்குக் கீழே இதுவே போதும். பயமில்லாமல் பந்தின் கோட்டுக்குள் வந்து நிற்க முதலில் பழகட்டும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். இந்தியாவுக்காக யார்க்கர் வீசிய கை அது.

## ஒரு பார்வையில்

| | கார்க் | டூ பீஸ் | ஃபோர் பீஸ் |
|---|---|---|---|
| ஏற்ற தரை | சிமெண்ட், செம்மண் | மேட்டிங், வலைப் பயிற்சி | டர்ஃப், நல்ல மேட்டிங் |
| தையல் | பெயருக்கு மட்டும் | 20, 25 ஓவர் வரை | நெடுநேரம் |
| ஈரம் பட்டால் | ஒன்றும் ஆகாது | கெடும் | கெடும், நஷ்டம் பெரிது |
| இங்கிலீஷ் வில்லோ பேட் | எடுக்கவே கூடாது | எடுக்கலாம் | இதற்காகவே செய்தது |
| மறைந்த செலவு | பேட், காயம் | அடிக்கடி மாற்றுவது | பராமரிப்பு, தொலைவது |

## மூன்று பேருக்கும் சொன்னது

விளையாட்டு ஆசிரியருக்கு: பணத்தில் முக்கால் பங்கை டூ பீஸில் போடுங்கள். 13 வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்குச் சிறிய அளவு தனியாக வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஃபோர் பீஸ் மூன்று நான்கு, அவை பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்துக்கு மட்டும். ஆட்டம் முடிந்த பந்து வலைப் பயிற்சிக்கு இறங்கட்டும். வலையில் தையல் போன பந்தைச் சுழல் வீசும் பையன்களிடம் கொடுக்காதீர்கள், அது ஃபீல்டிங் பயிற்சிக்கு.

ஊர்க் கேப்டனுக்கு: போட்டி அமைப்பாளரிடம் என்ன பந்து என்று இன்றே கேளுங்கள். அதே பந்தில் ஆறு வாங்கி, போட்டிக்கு முன் மூன்று வாரமாவது ஆடுங்கள். கார்க்கில் பழகிய கண்ணுக்குத் தோல் பந்து முதலில் எழும்பாமல் தாழ்வாக வருவது போல் இருக்கும், இடுப்புக்கு வரும் என்று நினைத்தது முட்டிக்கு வரும். முன்காலை நீட்டி ஆட அந்த மூன்று வாரம் தேவை. புது இங்கிலீஷ் வில்லோ பேட் வாங்கியவர்கள் அதைக் கார்க் பந்து அருகில் கொண்டுவர வேண்டாம். ஹெல்மெட் நிச்சயம் வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்றால் பந்தில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு: இளையோருக்கான 133 முதல் 144 கிராம் டூ பீஸ் ஒன்று போதும். வாங்கும்போது மகளையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரு ஓரத்திலும் படும்படி பந்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் சிரமப்படாமல் அடிப்பக்கத் தையலைத் தொட்டால், பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் தெரிந்தால், அந்தப் பந்தை எடுத்துக்கொள்ளலாம்.